ஆற்றங்கரையா, மேட்டு நிலமா?



முகாம் என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கள் சாரணியர் படையில் எழும் ஆரவாரத்தை வகுப்பறையின் நான்கு சுவர்களும் நன்கு அறியும். இந்த ஆண்டு காலாண்டு விடுமுறையில் மூன்று பகல், இரண்டு இரவு முகாம் என்று சிஸ்டர் அறிவித்தபோது, எங்கே கூடாரம் அடிப்பது என்ற ஒரே கேள்வி எங்களை இரு கட்சிகளாகப் பிரித்துவிட்டது. வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு காட்டாற்றின் கரை. வெண்மணல் திட்டு, கணுக்கால் அளவுக்குத் தெளிந்த நீர், இருபுறமும் மருத மரங்கள், பின்னால் நீல மலை. படத்தில் கண்டவுடனேயே மனம் அங்கே குடியேறிவிட்டது. மற்றொன்று ஊரை ஒட்டிய ஒரு மேட்டு நிலம். அறுவடை முடிந்த வெறும் காடு; ஒரு கிணறு, ஒரு கொட்டகை, தூரத்தில் நாலைந்து புளிய மரங்கள். அவ்வளவுதான்! 32 பேரில் 23 பேர் ஆற்றங்கரைக்கே கை தூக்கினோம். அந்த 23 கைகளில் இதை எழுதும் கையும் ஒன்று.

அந்தக் கையை ஏன் இறக்கினோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் ஆசை தவறானதா? இல்லை. நாங்கள் கந்தக பூமியில் பிறந்தவர்கள். மழை குறைந்த, வெயில் மிகுந்த ஊர் என்பதனாலேயே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. எங்களில் பலருடைய தாய்மார் பட்டாசுத் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவர்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கும் வீடுகள் எங்களுடையவை. எங்களுக்கு ஆறு என்றால் பாலத்துக்கு அடியில் வேலிக்கருவை முளைத்த மணல்வெளி. சாத்தூர்ப் பாலத்தைப் பேருந்தில் கடக்கும்போது, "இதுதான் வைப்பாறு" என்று பெரியவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓடும் நீரின் ஓரத்தில் இரண்டு இரவு தூங்கலாம் என்று சொன்னால் யார்தான் கை தூக்கமாட்டார்கள்?

ஆனால் இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நெருப்பு எங்களுக்குத் தெரியும். நீர் எங்களுக்குத் தெரியாது. தீ என்றால் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று எங்கள் தம்பி தங்கையருக்குக்கூடச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் புகையைக் கண்டு ஓடிச் சென்ற ஊர்மக்களும் இருந்தார்கள் என்று வீட்டில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். எங்கே நிற்கிறோம் என்பதே உயிரைத் தீர்மானிக்கும் என்ற பாடத்தை நாங்கள் தொட்டிலிலேயே கற்றவர்கள். அதே நாங்கள் தண்ணீரைக் கண்டால் மட்டும் அத்தனையும் மறந்து, அதன் மடியில் போய்ப் படுத்துக்கொள்ள நினைத்தோமே!

எங்களுக்கு முன்பே எங்கள் பெற்றோர் விழித்துக்கொண்டார்கள். 2025 ஜூலை 4 அன்று விடியுமுன், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப் என்னும் ஆறு பெருகியது. முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 26 அடி உயர்ந்தது. அதன் கரையில், அழகான பள்ளத்தாக்கில், 1926ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த கிறிஸ்தவச் சிறுமியர் கோடை முகாம் ஒன்று இருந்தது. அங்கே தங்கியிருந்த சிறுமியரும் அவர்களைக் கவனித்துவந்த இளம் பெண்களுமாக 27 பேர் மாண்டார்கள். எங்களைப் போலவே பாடி, செபித்து, விளக்கணைத்துப் படுத்தவர்கள். மறுவாரம் காலை வழிபாட்டில் அவர்களுக்காக நாங்கள் மௌனமாக நின்றோம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "சிஸ்டர், இந்த வருஷம் முகாமே வேண்டாம். பொம்பளப் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். பலரும் தலையசைத்தார்கள். முகாம் அன்றே முடிந்துபோனது என்று நாங்கள் அழுதோம்.

சிஸ்டர் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "இடத்தை நீங்களே போய்ப் பாருங்கள். ஏன் அந்த இடம் என்று ஒரு தாளில் எழுதி, பெற்றோர் முன்னால் வாசியுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் போகலாம்" என்றார்கள். ஆகவே ஒரு சனிக்கிழமை, அணித்தலைவிகள் எட்டுப் பேரும் எங்கள் பொறுப்பாசிரியையும் இரண்டு பெற்றோரும் புறப்பட்டோம்.

ஆற்றங்கரை படத்தைவிட அழகாகவே இருந்தது. செருப்பைக் கழற்றி நீரில் இறங்கிய எங்களை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கூப்பிட்டார்.

"ஏ தாயிகளா, இங்கயா ராத்திரி படுக்கப் போறீக?"

"ஆமாம் பாட்டி."

"செத்த அண்ணாந்து பாருங்க. அந்தக் கொப்புல கெடக்குறது காக்காக் கூடுன்னு நெனச்சீகளா? ஆறு வச்சுட்டுப் போனது."

பார்த்தோம். மருத மரத்தின் கிளையில், எங்கள் பொறுப்பாசிரியையின் தலைக்கும் மேலே, காய்ந்த புல்லும் சுள்ளியும் ஒரு கிழிந்த சாக்குத் துண்டும் சிக்கிக் கிடந்தன. நாங்கள் கூடாரம் அடிக்க நினைத்த மணல் திட்டு அந்தக் கிளைக்கு நேர் கீழே இருந்தது.

"எப்போது பாட்டி வெள்ளம் வந்தது? அன்றைக்கு இங்கே நல்ல மழையா?"

"இங்க ஏது மழ? இங்க வெயிலடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மல இருட்டியிருந்துச்சு. ரெண்டு ஆடு போச்சு தாயி."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மணல் ஏன் அவ்வளவு வெண்மையாக, புல் பூண்டு இல்லாமல் இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. ஆறு தன் படுக்கையைத் தானே துடைத்து வைத்திருக்கிறது. அது வேறொருவருக்கு விரித்த பாய் அன்று!

பள்ளிக்குத் திரும்பியதும் புவியியல் பாடத்தைப் புரட்டினோம். மலைச்சரிவில் விழும் மழையைப் பாறை உறிஞ்சுவதில்லை. சுற்றிலும் உள்ள சரிவுகளின் நீரெல்லாம் ஒரே ஓடையில் சேர்ந்து, சில மணி நேரத்தில், சில வேளை சில நிமிடங்களிலேயே அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ என்று இயற்பியலில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்த எடை ஓடிவந்து மோதினால் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. விரைந்து ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். நாங்கள் ஆசைப்பட்ட "கணுக்கால் அளவு" அதைவிட எவ்வளவு குறைவு?

இது எங்கோ நடப்பது என்று எண்ண வேண்டாம். அதே வத்திராயிருப்புப் பக்கம், சதுரகிரி மலைக்குச் சென்ற பக்தர்களைக் காட்டாற்று வெள்ளம் 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அடித்துச் சென்றது, பலர் உயிரிழந்தனர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனது. இரண்டும் மே மாதம்! மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை என்றுதானே நாம் கணக்கு வைத்திருக்கிறோம்? மலை அந்தக் காலண்டரைப் பார்ப்பதில்லை.

எங்கள் கருத்து இதுதான்: முகாமுக்கு இடம் தேடும்போது, பகலில் அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று கேட்பது இரண்டாவது கேள்வி. நள்ளிரவில், மழையில், 32 பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதே முதற் கேள்வி. முதற் கேள்விக்கு விடை கிடைத்த இடத்துக்குப் பிள்ளைகளை அச்சமின்றி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும்.

இதற்கு எங்கள் தோழியரே மூன்று மறுப்புகள் சொன்னார்கள். அவற்றை மறைக்காமல் எழுதுகிறோம்.

முதலாவது, "அழகைப் பார்க்கத்தானே போகிறோம்? வெறுங்காட்டில் படுப்பதற்கு ஊரிலேயே இருக்கலாமே!" என்பது. ஆற்றைப் பார்ப்பதற்குக் கண் விழித்திருக்க வேண்டும் அல்லவா? உறங்குகிறவளுக்கு ஆற்றங்கரையும் ஒன்றுதான், மேட்டு நிலமும் ஒன்றுதான். பகலில் ஆற்றுக்குப் போவோம். பொழுது சாயுமுன் மேட்டுக்குத் திரும்புவோம். அழகில் ஒரு குறையும் வராது.

இரண்டாவது, "இரண்டே இரவுதானே! அந்த இரண்டு இரவில்தானா வெள்ளம் வரப்போகிறது?" என்பது. எங்கள் தாய்மார் வேலை செய்யும் இடத்தைப் பாருங்கள். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அறைக்கு அறை இடைவெளி உண்டு. வாசலில் மணல் வாளியும் தண்ணீரும் இருக்கும். இன்றைக்கு வெடிக்கும் என்று தெரிந்தா அவற்றை வைக்கிறார்கள்? எந்த நாள் என்று தெரியாததால்தான் எல்லா நாளும் வைக்கிறார்கள். விதியை மீறிய இடத்தில் என்ன நேரும் என்பதை இந்த வட்டாரத்தில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வரும் தீங்கை முன்னரே தடுக்காதவன் வாழ்வு நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போர் போல அழியும் என்று வள்ளுவர் சொன்னது எங்கள் ஊரைப் பார்த்துத்தானோ என்று நாங்கள் எண்ணுவதுண்டு.

மூன்றாவது மறுப்பு பெற்றோருடையது. "இவ்வளவு பயம் இருக்கும்போது ஏன் போக வேண்டும்?" பணிவோடு விடை சொல்கிறோம். போகாமலே இருந்திருந்தால், கிளையில் தொங்கும் சருகுக்கு என்ன பொருள் என்று எங்களுக்கு என்றைக்குமே தெரிந்திராது. நாளை நாங்கள் கல்லூரியிலிருந்து, வேலையிலிருந்து, குடும்பத்தோடு எத்தனையோ மலைகளுக்கும் அருவிகளுக்கும் போகத்தான் போகிறோம். அன்று எங்கள் கையைப் பிடித்து நிறுத்த அம்மா அருகில் இருப்பாரா? அறிந்து அஞ்சுவது வேறு. அறியாமல் அடைந்து கிடப்பது வேறு. 1907இல் பேடன் பவல் பிரவுன்சி தீவில் சிறுவர்களுக்கு முதல் முகாம் நடத்தினார். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் அழைப்பில்லாமலே வந்து, தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். 1910இல் சாரணியர் இயக்கம் பிறந்தது. பெண்பிள்ளைகளின் முகாம் யாரும் தட்டில் வைத்துத் தந்ததன்று; கேட்டுப் பெற்றது. கேட்டுப் பெற்றதை அச்சத்தால் இழக்கவும் கூடாது, அலட்சியத்தால் இழக்கவும் கூடாது.

இனி, பெற்றோர் முன் நாங்கள் வாசித்த தாளின் சாரத்தை இளைய சாரணியர்க்காகத் தருகிறோம்.

இடத்தைத் தேர்பவர்கள் முதலில் ஆடு மாடு மேய்ப்பவரையும் உழவரையும் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கும். பிறகு மரங்களைப் பாருங்கள். கிளையில் சருகும் சாக்கும் சிக்கியிருந்தால் அதுவே ஆற்றின் உயரம். உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் கிடக்கும் தரையும் ஆற்றுக்குச் சொந்தமானதே.

மேடு என்றால் எல்லா மேடும் மேடாகாது. ஸ்பெயின் நாட்டில் பியஸ்காஸ் என்னும் ஊரருகே, மலை ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண்ணின் மேல் ஒரு முகாம்திடல் அமைத்திருந்தார்கள். 1996 ஆகஸ்ட் 7 மாலையில் அந்த ஓடை பெருகிவந்து 87 உயிர்களைப் பறித்தது. ஆகவே ஓடை மலையை விட்டு வெளிவரும் வாயில் கூடாரம் கூடாது. ஓடைக்கு அக்கரையிலும் கூடாது. திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

தனித்து நிற்கும் உயரமான மரத்தடி இடிக்கு இலக்கு. தென்னந்தோப்பு நிழலாக இருக்கும், ஆனால் இரவில் மட்டையும் தேங்காயும் விழும். மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கு யானை வருவது உண்டு. தோப்புக்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. காட்டுக்குள் முகாம் என்ற பேச்சே வேண்டாம். நம் மேற்கு மலை 1988இலிருந்து சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்கலாமா? கோடையில் காய்ந்த புல்லும் ஒரு வெடிமருந்தே.

கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். சமையல் அடுப்பு காற்று வீசும் திசை பார்த்து, கூடாரங்களுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஆற்றில் சோப்பும் எண்ணெயும் கலக்கக் கூடாது. கீழே ஓர் ஊர் அதைக் குடிக்கிறது. ஊரும் சாலையும் மருத்துவமனையும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு சாரணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் இருவர் முறை வைத்து விழித்திருக்க வேண்டும். பகலில் ஆற்றில் நிற்கும்போது நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, செருப்பைத் தேடாமல் மேட்டுக்கு ஓட வேண்டும்!

தாளை வாசித்து முடித்தோம். முகாமே வேண்டாம் என்ற அந்தத் தாயார்தான் முதலில் எழுந்தார். "என் மகளை அனுப்புறேன். ராத்திரி முழிச்சிருக்க நானும் வர்றேன்" என்றார். எங்கள் கண்கள் கலங்கின என்றால் அது மிகையாகாது.

முகாம் மேட்டு நிலத்தில் இனிதே நடந்தது. பகலில் ஆற்றில் கால் நனைத்தோம். மாலை 4 மணிக்கெல்லாம் திரும்பினோம். கிணற்றடியில் சமைத்தோம். இரவில் படுத்தபடியே பார்த்தால், மரங்கள் மறைக்காத அந்த வெறுங்காட்டின் மேல் வானம் முழுவதும் விண்மீன்கள். எங்கள் ஊரில் தீபாவளிக்கு நாங்கள் அனுப்பும் பூக்களெல்லாம் அங்கே போய்த் தங்கிவிட்டனவோ என்று ஒரு சிறியவள் கேட்டாள். ஆற்றங்கரையில் மரக்கூரைக்குள் படுத்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்குமா?

வெள்ளம் வரவில்லை. ஒரு துளி மழைகூட விழவில்லை. ஊர் திரும்பியதும், "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே! வீணாக அந்த நல்ல இடத்தை விட்டுவிட்டோம்" என்று சிலர் கேலி செய்தார்கள். வராத வெள்ளத்துக்காக நாங்கள் வெட்கப்படவில்லை. தொழிற்சாலை வாசலில் உள்ள மணல் வாளி ஆண்டு முழுவதும் அப்படியே இருந்தால், அதை வைத்தவரை முட்டாள் என்பார் உண்டா?

மணல்மேல் வீடு கட்டியவனையும் பாறைமேல் கட்டியவனையும் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமையை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மழை பெய்து வெள்ளம் வந்தபோதுதான் இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தது. அதுவரை இரண்டும் வீடுகளே. வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டை அருகே 2022 முதல் அகழாய்வு நடந்த இடத்தின் பெயர் என்ன தெரியுமா? மேட்டுக்காடு! நம் முன்னோர் ஆற்றின் அருகே வாழ்ந்தார்கள். ஆனால் மேட்டில் வாழ்ந்தார்கள். அவர்கள் விட்ட சங்கு வளையலும் மணியும் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன.

எனவே, அன்புப் பெற்றோரே! எங்களை அனுப்புங்கள், அனுப்புமுன், எங்கே படுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அருட்சகோதரியரே! இடம் தேரும் பொறுப்பை எங்களிடமே தந்தீர்களே, அந்த வழக்கம் எங்களுக்குப் பின் வருவோருக்கும் தொடரட்டும். இளைய தோழியரே! அடுத்த ஆண்டு நாங்கள் இந்தப் படையில் இருக்கமாட்டோம். அழகான ஓர் ஆற்றங்கரையின் படத்தை யாரேனும் உங்களுக்குக் காட்டுவார்கள். கை தூக்குமுன், ஒருமுறை அண்ணாந்து கொப்பைப் பாருங்கள்!

ஒரு சாரணி,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு